ஊட்டி வளர்த்தால் கசக்குமா?

நித்தியகல்யாணிச் செடியின் செல்களோடு மூன்று ஆண்டுகள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வளர்ச்சியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய ஊடகத்தில், அதாவது சத்துக் கரைசலில், விடுவேன். அடுத்த இரண்டு வாரத்தில் குடுவை நிறைந்து, ஈர மணலைக் கரைத்துவிட்டது போல வெளிர்மஞ்சளாகக் கலங்கிச் சுழன்றுகொண்டிருக்கும். பார்க்க அவ்வளவு செழிப்பு. ஆனால் அந்தச் செல்களை வடிகட்டி, உறையவைத்து உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்தினால், நான் தேடிய விண்டோலின் என்ற மருந்து மூலப்பொருள் வர வேண்டிய நிமிடத்தில் வரைபடக் கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு சின்ன மேடுகூட இராது. ஆரம்பத்தில் நோட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று முழுதாக எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு கை சலித்து, 'இல்லை' என்று மட்டும் எழுதத் தொடங்கினேன்.

அந்த வேலையை விட்டு வெகுநாள் ஆயிற்று. ஆனாலும் யாராவது "இனி மருந்துக்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லையாமே, எல்லாவற்றையும் ஆய்வகத்திலேயே வளர்த்துவிடுகிறார்களாமே" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல வாய் வருவதில்லை. இல்லை என்று சொல்ல மனம் வருவதில்லை. எதையோ மென்று விழுங்கிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். அந்தத் தடுமாற்றத்தை இன்றைக்கு எழுதித் தீர்த்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

அந்த ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் நித்தியகல்யாணி இலைச் சாறு நீரிழிவுக்குப் பயன்படுமா என்று பார்க்கப் போனார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த எதிர்பாராத விளைவைத் துரத்திப் போனதில்தான் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கைக்கு வந்தது. அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. சிக்கல் அளவில்தான். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு லாரிச் சுமை இலையைக் கரைத்து, வடித்து, பிரித்து, கடைசியில் ஒரு சிட்டிகைப் பொடியோடு வெளியே வருகிற தொழில் அது. அந்த மூலக்கூறு இரண்டு பாதிகள் ஒட்டிய உரு. ஒரு பாதி கேத்தரந்தின், மறு பாதி விண்டோலின். இரண்டும் கிடைத்தால் ஒட்டுவதற்கு வேதியியலில் வழி இருக்கிறது. வளர்ப்புச் செல்களில் கேத்தரந்தின் ஓரளவு கிடைக்கும்; விண்டோலின் வராது. எனக்கு முன்னால் பலர் முயன்று இதை எழுதியும் வைத்திருந்தார்கள். நானும் படித்திருந்தேன். ஆனால் இருபத்து நான்கு வயதில், யாருக்கும் வராதது நமக்கு வரும் என்று தோன்றுமே, அந்த நோய் எனக்கும் இருந்தது.

அந்த நோய்க்குக் கொள்கை பலமும் இருந்தது. ஒரு செடியின் எந்த உயிருள்ள செல்லை எடுத்தாலும், அதற்குள் முழுச் செடியையும் உண்டாக்கும் திறன் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணத்தை 1902இல் காட்லீப் ஹாபர்லாண்ட் முன்வைத்தார். அவர் தனியே பிரித்து வளர்த்த இலைச் செல்கள் சில வாரங்கள் உயிரோடு இருந்தன, பருத்தன, ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. தன் செல்கள் தன் கொள்கையை மெய்ப்பிக்காததைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் அந்தக் கொள்கையை எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1958இல் எஃப்.சி. ஸ்டூவர்ட் கேரட் செல்களிலிருந்து முழுச் செடியையே எழுப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு எங்களைப் போன்றவர்களின் கணக்கு எளிதாகிவிட்டது. செல்லுக்குள் எல்லா மரபணுவும் இருக்கிறது. விண்டோலின் செய்யும் மரபணுவும் அதில் அடக்கம். ஆகவே செல் விண்டோலின் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் குற்றம் நம் ஊடகத்தில்தான்.

ஆகவே ஊடகத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். முராஷிகே–ஸ்கூக் உப்புகள், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, வைட்டமின்கள், பி.எச். 5.8, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி. வளர்ச்சி ஹார்மோன்களில் ஆக்சினைக் கூட்டுவது, சைட்டோகைனினைக் குறைப்பது, மறுபடி மாற்றிப் போடுவது. ஒரு சனிக்கிழமை குடுவைகளைச் சுழற்றும் ஷேக்கரின் பிடி தளர்ந்து இரண்டு குடுவைகள் கவிழ்ந்தன. திங்கட்கிழமை வந்து பார்த்தால் மற்ற பதினான்கிலும் பாக்டீரியா புகுந்து பால் போல வெளுத்திருந்தது. கவிழ்ந்தவற்றுக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை புரியவில்லை. முதல் ஆண்டில் ஆறுதலாக அஜ்மாலிசின் என்ற வேறோர் ஆல்கலாய்டு (செடி செய்யும் கசப்புச் சேர்மம்) கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. மறுவளர்ப்பு செய்யச் செய்ய அதுவும் தேய்ந்தது. இது எல்லோரும் அறிந்த தொல்லைதான். வேகமாகப் பிரியும் செல்கள் குடுவையை நிறைத்துக்கொள்ளும். மெதுவாக வளர்ந்து பொருள் சேர்க்கும் செல்கள் ஓரங்கட்டப்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நானே என் கையால், பெருகுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத சோம்பேறிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

குடுவை கழுவும் இடத்தில்

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். என் குடுவைகள் மீது அவருக்குக் கடும் கோபம். செத்த செல்கள் விளிம்பில் பழுப்பாக ஒட்டிக் காய்ந்துவிடும். அமிலத்தில் ஊறவைத்தாலும் லேசில் போகாது. ஒரு நாள் அதைத் தேய்த்துக்கொண்டே, "இவ்வளவு பாடுபடுத்துகிறதே, அப்படி என்னதான் தம்பி இதிலிருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். வாசல் படியருகே இருக்கும் நித்தியகல்யாணிதான் இது, அதன் இலையில் இருக்கும் கசப்புச் சத்தைத்தான் தேடுகிறேன் என்றேன்.

"கிடைத்ததா?"

"இன்னும் இல்லை, அக்கா."

"இதற்கு என்ன ஊட்டுகிறீர்கள்?"

சர்க்கரை, உப்பு, வைட்டமின் என்று சொன்னேன். வெயில் படுமா என்றார். இருட்டறைதான், 25 டிகிரி, ஏறாது இறங்காது என்றேன். பூச்சி வருமா என்றார். வந்தால் குடுவையையே கொதிக்கவைத்துக் கொட்டிவிடுவோம் என்றேன், கொஞ்சம் பெருமையோடு. அவர் குடுவையைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்புறம் அது எதற்குக் கசக்கப் போகிறது?"

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். மரபணு அப்படியே இருக்கிறது, செல் மறக்காது என்று ஏதோ விளக்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவருக்கு இன்னும் முப்பது குடுவைகள் பாக்கி. என்னை உறுத்தியது வேறு விஷயம். ஆல்கலாய்டுகள் செடியின் தற்காப்புப் பொருட்கள் என்று என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். எத்தனையோ பேர் எழுதியதைப் பார்த்து நானும் எழுதிய வரி அது. அந்த வரிக்கும் என் குடுவைக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. வளர்சிதை மாற்றப் பாதைகளை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். அம்புக்குறி அம்புக்குறியாக எந்த நொதி எங்கே என்பது தெரியும். ஒரு செல் எந்த நிலைமையில் அந்த வேலையில் இறங்கும் என்பது அந்தப் படத்தில் இல்லை. சுகமாக வளர்கிற செல்லிடம் போய், கஷ்டகாலத்துக்கு நீ செய்யும் பண்டத்தைக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரமே மெத்தில் ஜாஸ்மோனேட் வாங்கச் சீட்டு எழுதினேன். முதலில் மல்லிகை எண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள் என்பதால் அந்தப் பெயர். மணம் நமக்கு, செடிகளுக்கு அது ஆபத்துச் செய்தி. பூச்சி இலையைக் கடித்ததும் ஜாஸ்மோனேட் வகைச் சேர்மங்கள் உள்ளே பெருகி, தற்காப்பு மரபணுக்களைத் தட்டி எழுப்பும். குடுவையில் ஒரு துளி விட்டால், பூச்சி வராமலே வந்த கலவரம்.

ஆடிக் கறப்பதும் பாடிக் கறப்பதும்

இந்தத் துறையில் வெற்றி பெற்றவர்களின் கதையைப் பிறகு திரும்பப் படித்தபோது, முன்பு கண்ணில் படாத ஒன்று பட்டது. முதல் பெரிய வெற்றி ஜப்பானில், 1980களின் தொடக்கத்தில். ஷிகோனின் என்ற சிவப்புச் சாயப்பொருள், புண்ணுக்கு மருந்தும்கூட. ஒரு செடியின் வேரில் சில ஆண்டுகளில் ஊறி, உலர் எடையில் ஒன்றிரண்டு சதவீதம் சேரும். கியோட்டோவில் மமோரு தபாட்டாவின் குழு அந்தச் செல்களை ஆராய்ந்து பார்த்ததில் தெரிந்தது இது: வெளிச்சம் பட்டால் ஷிகோனின் வராது; அம்மோனியம் இருந்தால் வராது; 2,4-டி என்ற ஆக்சின் இருந்தால் வராது. செப்பு கொஞ்சம் கூடினால் வரும். அதாவது எவையெல்லாம் செல்லைக் கொழுக்க வைக்குமோ அவற்றில் பல ஷிகோனினுக்கு ஆகாது. மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் இதற்குக் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு எளிது. இரண்டு தொட்டி. முதல் தொட்டியில் வயிறார உணவு, செல்கள் பெருகட்டும். பிறகு எல்லாவற்றையும் அம்மோனியமே இல்லாத இரண்டாவது தொட்டிக்கு மாற்றிவிடு. மொத்தம் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். செல்களின் உலர் எடையில் 14 சதவீதம்வரை ஷிகோனின் சேர்ந்தது. கானெபோ நிறுவனம் அதை உதட்டுச் சாயத்தில் சேர்த்து விற்றது.

(உதட்டுச் சாயம் என்றதும் ஒரு முணுமுணுப்பு. 'தாவர ஸ்டெம் செல்' அடங்கிய முகப்பூச்சுகள் என்று விளம்பரம் வருகிறதே, அவற்றில் பலவற்றில் இருப்பது நான் வளர்த்தது போன்ற, காலஸ் என்ற உருவமற்ற செல் திரளை அரைத்து எடுத்த சாறுதான். அந்தச் செல் முகத்தில் உயிரோடு ஏறி உட்கார்ந்து இளமையைத் திருப்பித் தரும் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வந்து என் குடுவைகளைக் கழுவிப் பார்த்திருக்கலாம்.)

டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தின் கதை இன்னும் பெரியது. 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டை சேகரிக்கப்பட்டது. 1971இல் மன்சுக் வாணியும் மன்ரோ வாலும் அதன் மூலக்கூறு வடிவத்தை வெளியிட்டார்கள். 1992இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. ஒரு கிலோ மருந்துக்குச் சுமார் 10 டன் பட்டை. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். அந்த மரமோ மிக மெதுவாக வளர்வது. இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேடைப் பேச்சுகளில் இது மாறிப் போகிறது. அந்த மரத்தை முதலில் காப்பாற்றியது செல் வளர்ப்பு இல்லை. ஐரோப்பிய யூவின் இலைகளில் கிடைக்கும் ஒரு முன்னோடிப் பொருளை எடுத்து, மீதியை வேதியியல் முறையில் முடித்த வழிதான் முதலில் வந்தது. இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும் அல்லவா. செல் வளர்ப்பு அதற்குப் பிறகு, 2000களில்தான் அந்த இடத்தைப் பிடித்தது. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் அந்த முறைக்கு மாறியதற்காக 2004இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது பெற்றது. ஃபைட்டான் நிறுவனம் ஜெர்மனியில் யூ செல்களை வளர்க்கும் தொட்டிகளில் பெரியது 75,000 லிட்டர். பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். யூ செல்லுக்கு நாட்கணக்கு. அத்தனை லிட்டர் சர்க்கரைத் தண்ணீரை வாரக்கணக்கில், ஒரு பாக்டீரியாகூட நுழையாமல் காப்பது என்ன பாடு என்பது பதினான்கு குடுவையை ஒரே திங்கட்கிழமை கொட்டியவனுக்குத் தெரியும். அந்த யூ செல்களையும் டாக்சால் பக்கம் திருப்பியதில் பெரும்பங்கு மெத்தில் ஜாஸ்மோனேட்டுக்கு. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்களே, இந்தத் துறையின் மொத்தப் பாடப்புத்தகத்தையும் அதற்குள் அடக்கிவிடலாம். ஷிகோனினுக்கு இருட்டும் செப்பும். டாக்சாலுக்குப் பொய்ப் பூச்சி. வேரில் மட்டுமே செய்யப்படும் பொருள் என்றால், அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா ஒன்றைத் தொற்றவைத்து, ஹார்மோன் இல்லாமலே பரபரவென வளரும் மயிர்வேர்களை எழுப்பி, அந்த வேர்களையே தொட்டியில் வளர்க்கலாம்.

சரி, என் மாடு? ஜாஸ்மோனேட் கொடுத்த மூன்றாம் நாள் செல்கள் பழுப்பேறின. வளர்ச்சி நின்றது. அஜ்மாலிசின் திரும்பி வந்தது, முதல் ஆண்டைவிட உயரமான மேடாக. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன், "அப்படியா" என்றார். விண்டோலின் இடத்தில் கோடு தரையோடு தரை.

ஒரு செல்லால் முடியாத வேலை

அக்கா சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதியை 1999இல் கனடாவில் வின்சென்சோ டி லூக்காவின் குழு இலையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்து ஏற்கெனவே காட்டியிருந்தது. நான் தாமதமாகத்தான் அதைச் சரியாகப் படித்தேன். விண்டோலின் ஒரே செல்லுக்குள் பிறப்பதில்லை. முதற்கட்ட வேலைகள் இலை நரம்பையொட்டிய செல்களில் நடக்கின்றன. அங்கே உருவானது இலையின் மேல்தோல் செல்களுக்கு நகர்கிறது. நடுக்கட்ட வேலைகள் அங்கே. கடைசிக் கட்டத்துக்கு அது இலையின் உள்ளே தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் இடியோபிளாஸ்ட் செல்களுக்கும், பால் ஊறும் செல்களுக்கும் போய்ச் சேர வேண்டும். கடைசிப் படிகளுக்கு வெளிச்சமும் தேவை. என் குடுவையில் இருந்தது நரம்பும் இல்லை, தோலும் இல்லை, பாலும் இல்லை. எல்லாமாகவும் ஆகக்கூடிய, ஆனால் எதுவாகவும் ஆகாத ஒரே மாதிரிச் செல்கள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. கையில் கொடுக்க ஆள் இல்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை.

ஹாபர்லாண்ட் சொன்னதில் பிழை இல்லை. செல்லுக்குள் எல்லாம் இருக்கிறது. நான்தான் 'இருக்கிறது' என்பதை 'செய்யும்' என்று படித்துவிட்டேன். சுவர் முழுவதும் எழுத்து இருந்தும் படிக்க ஆள் இல்லாத வீடு போல. இல்லை, இந்த உவமை சரியில்லை. செல் படிக்கத் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால்தான் தன் பங்கைப் படிப்பேன் என்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு வேறொரு பக்கத்திலிருந்து பதில் வந்தது. 2022இல் அமெரிக்க ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழுவினர் நித்தியகல்யாணிச் செல்லைக் கெஞ்சுவதையே விட்டுவிட்டு, ஈஸ்டை எடுத்தார்கள். செடிகளிலிருந்து 34 மரபணுக்கள், ஈஸ்டின் சொந்த மரபணுக்களில் பத்தில் கை வைத்தது, மொத்தம் 56 மரபணுத் திருத்தங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட படிகளை ஒரே செல்லுக்குள் நடத்தி, விண்டோலினையும் கேத்தரந்தினையும் செய்யவைத்து, பிறகு வெளியே ஒட்டி வின்பிளாஸ்டின் ஆக்கிக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு மகிழ்ச்சி பாதி, பொறாமை பாதி. விண்டோலின் அளவைப் பார்த்தேன்: லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு. பொறாமை கொஞ்சம் குறைந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கூடும். கூட்டத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். செடி பல வகைச் செல்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த வேலையை, அந்தச் செடியைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒரு நுண்ணுயிர் தனியாளாகச் செய்கிறது. செடியின் செல்லே செய்ய மறுத்ததை அந்நியன் செய்தான் என்பதை என்னால் இன்னும் முழுதாக ஜீரணிக்க முடியவில்லை. அந்நியன் என்பதால்தான் முடிந்ததோ என்றும் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரரை எதிர்பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை.

ஆகவே "எல்லாவற்றையும் ஆய்வகத்தில் வளர்த்துவிடலாமா" என்று கேட்பவர்களிடம், 'எல்லாவற்றையும்' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எந்தப் பொருள், எந்தச் செல், யாரோடு சேர்ந்து, எந்தத் துன்பத்தில். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் போய்விடுகிறார்.

ஆய்வகத்தை விட்டுக் கிளம்பிய கடைசி மாதம். ஒவ்வொரு முறை கருவியை ஓட்டும்போதும், ஒப்பீட்டுக்காக வாசல் செடியின் இலை ஒன்றையும் அரைத்துச் செலுத்துவது வழக்கம். அதில் விண்டோலின் தவறாமல் ஓங்கி நிற்கும். மூன்று ஆண்டுகளும் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடியிருக்கிறேன். அன்றும் இலை பறிக்கப் போனேன். செடியில் பாதி மொட்டையாகக் கிடந்தது. விரல் நீளத்துக்கும் அதிகமான பச்சைப் புழு ஒன்று, தலைக்குப் பின்னால் நீலக் கண் போல இரண்டு புள்ளிகளோடு, இலை விளிம்பைச் சாவகாசமாக அரைவட்டமாக வெட்டித் தின்றுகொண்டிருந்தது. அரளியையே தின்று வளரும் வகை அது. நித்தியகல்யாணியின் கசப்பெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கள் கணக்கும் தப்பு, இவ்வளவு கசந்தும் பூச்சி தின்கிறது பாருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதைக் குடுவைக்குள் விட முடியாதா தம்பி?"